அப்கிரேட் செய்ததும் கோப்புகளைக் காணோம்: முதலில் தேடுங்கள், மீட்பதெல்லாம் பிறகு

கேள்வி (2025 நவம்பர் 2)

விண்டோஸ் 10 இலிருந்து 11 க்கு மாற்றினோம். அக்டோபர் 30 அன்று ஒரு நண்பர்தான் செய்து கொடுத்தார். திறந்து பார்த்தால் டெஸ்க்டாப் காலி, டாக்குமெண்ட்ஸ் காலி. ஆய்வேட்டின் நான்கு இயல்கள், பல வருடப் புகைப்படங்கள், ஸ்டிக்கி நோட்ஸில் எழுதி வைத்திருந்த குறிப்புகள் எதுவும் இல்லை. ரெகவரி மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டால் கிடைத்துவிடுமா? எது நல்லது?

நவம்பர் 2, இரவு

எதையும் இறக்காதீர்கள். இன்றைக்கு இது ஒன்றுதான் முக்கியம்.

ஒரு கோப்பை அழித்தால் அந்த இடம் காலி என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது. புதிதாக எது வந்தாலும் அந்த இடத்தில் போய் உட்காரலாம். மீட்பு மென்பொருளை அதே சி டிரைவில் நிறுவினால், மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. பிரவுசரைத் திறந்து வைத்திருந்தாலும் அது ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். அதனால் இந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படியுங்கள், கணினியை அணைத்து வையுங்கள்.

டிஸ்க் கிளீனப், ரீசெட், "இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்" என்று நண்பர் சொல்வது, இவை மூன்றும் இப்போது வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் கோப்புகள் அழிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்கிரேடுக்குப் பிறகு காணாமல் போனதாகச் சொல்லப்படும் கோப்புகளில் பெரும்பாலானவை அதே வட்டில் வேறோர் இடத்தில் இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நாளைக்குக் கணினியைத் திறந்து ஒன்றே ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: சி டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது?

நவம்பர் 3, காலை

310 ஜிபி நிரம்பியிருக்கிறது என்கிறீர்கள். நல்ல செய்தி. விண்டோஸ் 11, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருட்கள், பழைய விண்டோஸின் எச்சம் எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. புகைப்படங்கள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைத்திருக்கின்றன.

இப்போது ஃபைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவுக்குள் போய் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறங்கள். இடப்பக்கம் தெரியும் டாக்குமெண்ட்ஸ் குறுக்குவழியை நம்ப வேண்டாம், அது இப்போது லாகின் ஆகியிருக்கும் கணக்கின் டாக்குமெண்ட்ஸை மட்டுமே காட்டும். யூசர்ஸுக்குள் பப்ளிக் என்று ஒன்று கட்டாயம் இருக்கும், அதைத் தவிர எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே ஆள் பயன்படுத்தும் கணினியில் இரண்டு பெயர் இருந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. மைக்ரோசாஃப்ட் கணக்கால் புதிதாக உள்ளே நுழையும்போது, மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளை வைத்து விண்டோஸ் ஒரு ஃபோல்டரை உருவாக்கும். ஐந்து எழுத்தோடு அரைகுறையாக நிற்கும் பெயர் அங்கே இருந்தால், நண்பர் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார் என்று அர்த்தம். பழைய பெயரில் இருக்கும் ஃபோல்டர்தான் உங்கள் வீடு.

பழைய பெயரின் மேல் வலது சொடுக்கி ப்ராப்பர்டீஸ் பாருங்கள். அளவு சுழியம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். வேறு கணக்கின் ஃபோல்டர் என்பதால் உள்ளே எண்ண அனுமதி இல்லை, அவ்வளவுதான். இரட்டைச் சொடுக்கு செய்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு பெட்டி வரும், அதிலேயே கன்டினியூ என்ற பொத்தான் இருக்கும். அட்மின் உரிமை உள்ள கணக்கென்றால் அழுத்தியதும் கொஞ்ச நேரம் பச்சைப் பட்டை ஓடும், அப்புறம் ஃபோல்டர் திறக்கும்.

திறந்ததும் நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதி விவரங்களும் கூடவே வந்துவிடும், பிறகு சேமிக்கப் போகும் இடத்தில் தகராறு செய்யும். நகலெடுத்தால் புதிய இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். மூலமும் அப்படியே இருக்கும். வெளி வட்டு இருந்தால் முதல் நகல் அதற்குத்தான் போக வேண்டும்.

நவம்பர் 3, மாலை

"ஸ்டார்ட் மெனுவில் கோப்பின் பெயரைப் போட்டுத் தேடினேன், வரவில்லை, அப்படியென்றால் இல்லைதானே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை என்று ஆகாது. அப்கிரேடுக்குப் பிறகு தேடல் அட்டவணையை விண்டோஸ் புதிதாகக் கட்டும், கட்டி முடியும்வரை ஸ்டார்ட் மெனு தேடல் அரைகுறைதான். எக்ஸ்புளோரரில் சி டிரைவைத் திறந்து அங்கே தேடினால் மெதுவாக ஓடும், ஆனால் முழுமையாகத் தேடும். அதிலும் ஒரு ஓட்டை: அனுமதி இல்லாத ஃபோல்டருக்குள் தேடல் நுழையாது, நுழையவில்லை என்று சொல்லவும் சொல்லாது. கோப்புகள் பழைய கணக்கின் ஃபோல்டரில் இருந்தால், எவ்வளவு தேடினாலும் ஒன்றும் வராது. அதனால்தான் யூசர்ஸை முதலில் பார்க்கச் சொன்னேன்.

நவம்பர் 4

ஆய்வேட்டின் மூன்று இயல்கள் பழைய ஃபோல்டரில் கிடைத்துவிட்டன. படித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது. மீதி ஒரு இயல், புகைப்படங்கள், ஸ்டிக்கி நோட்ஸ்.

புகைப்படங்களுக்கு முன்னால் என் அக்காவின் லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதே போன்ற அறிகுறி, ஆனால் காரணம் வேறு. ஓர் அப்டேட் முடிந்து லாகின் ஆனபோது அவளுடைய டெஸ்க்டாப் படம் மாறி விண்டோஸின் நீலப் படம் வந்திருந்தது. உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை என்று ஒரு செய்தி ஓரத்தில் வந்து போயிருக்கிறது, அவள் அதைக் கவனிக்கவில்லை. யூசர்ஸுக்குள் பார்த்தால் டெம்ப் என்று ஒரு ஃபோல்டர். அதாவது அவளுடைய கணக்கைத் திறக்க முடியாமல் விண்டோஸ் ஒரு தற்காலிகக் கணக்கைக் கொடுத்திருந்தது. இதில் உள்ள ஆபத்து, தற்காலிகக் கணக்கில் நீங்கள் புதிதாகச் சேமிப்பது எல்லாம் சைன் அவுட் ஆனதும் அழிந்துவிடும். அவள் அன்று காலை முழுதும் அதில் உட்கார்ந்து வேலை செய்திருந்தாள். நல்ல வேளையாக சைன் அவுட் செய்யவில்லை. முதலில் அந்த வேலையைப் பென் டிரைவுக்கு எடுத்தோம், அப்புறம்தான் மறுதொடக்கம். மறுதொடக்கத்தில் பழைய கணக்கு தானாகவே திரும்பி வந்தது.

2020 பிப்ரவரி அப்டேட்டுக்குப் பிறகும் (அதன் எண் கேபி 4532693) பலருக்கு இது நடந்தது. அசல் ஃபோல்டரின் பெயர் கடைசியில் .000 என்றோ .பிஏகே என்றோ மாறி அதே யூசர்ஸுக்குள் பத்திரமாக இருந்தது. இணையத்தில் இதற்கு ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் இடத்தை, திருத்தச் சொல்லும் வழிமுறைகள் நிறைய இருக்கின்றன. அவை வேலை செய்யும்தான். ஆனாலும் கோப்புகளை வெளியே நகலெடுக்கும் முன் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது சரியான வரிசை இல்லை.

நவம்பர் 4, இரவு

புகைப்படங்கள். ஒன்டிரைவ் எப்போதாவது இயக்கியிருந்தீர்களா?

ஒன்டிரைவில் ஃபோல்டர் பேக்கப் என்று ஒரு வசதி உண்டு. பெயரைக் கேட்டால் ஏதோ இன்னொரு பிரதி எடுப்பது போல இருக்கும். உண்மையில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் இருக்கும் இடத்திலிருந்து எடுத்து ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிவைத்துவிடும். அதன் பிறகு யூசர்ஸுக்குள், உங்கள் பெயருக்குள், இரண்டு பிக்சர்ஸ் இருக்கலாம்: நேரே ஒன்று, ஒன்டிரைவுக்குள் ஒன்று. அப்கிரேடுக்கு முன் பேக்கப் ஓடிக்கொண்டிருந்து, பிறகு நண்பர் உங்கள் ஒன்டிரைவில் லாகின் செய்யாமல் விட்டிருந்தால், நேரே இருக்கும் காலி பிக்சர்ஸ்தான் கண்ணில் படும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஒரு கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் இருந்தால், அதன் பெயர் மட்டும்தான் உங்கள் வட்டில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது. வட்டை எவ்வளவு துருவினாலும் கிடைக்காது. எந்தக் கணினியிலிருந்தாவது ஒன்டிரைவ் இணையதளத்தில் உங்கள் பழைய மின்னஞ்சலால் நுழைந்து பாருங்கள். அங்கேயும் ரீசைக்கிள் பின் இருக்கிறது. தனிநபர் கணக்கில் அழித்தவை 30 நாட்கள் அதில் இருக்கும். பல்கலைக்கழகமோ அலுவலகமோ கொடுத்த கணக்கென்றால் வழக்கமாக 93 நாட்கள்.

இலவசக் கணக்கில் 5 ஜிபிதான். பல வருடப் புகைப்படங்கள் அதில் அடங்காது. எனவே ஒரு பகுதி அங்கே, மீதி வட்டில் என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கலாம். ஒரு பகுதி கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

நவம்பர் 5

"இவ்வளவு எதற்கு, அப்கிரேட் என்றாலே அழிக்கும், 2018 இல் பார்த்தோமே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். 2018 இல் நடந்தது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன நடந்தது என்று சரியாகத் தெரிந்துகொண்டால் பயன்படும்.

விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு 2018 அக்டோபர் 2 அன்று வெளியானது. கோப்புகள் காணவில்லை என்று புகார்கள் வர, சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்து, திருத்தி, நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. காரணம் இது: டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பி விட்டவர்களிடம், பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் மிஞ்சியிருக்கும். அது வெறும் இரட்டைப் பிரதி, காலியாகத்தான் இருக்கும் என்று எண்ணி அப்டேட் அதை அழித்தது. பலரிடம் அது காலியாக இல்லை. திருப்பி விட்டபோது பழைய கோப்புகளை நகர்த்தாமல் அங்கேயே விட்டிருந்தார்கள். புகார் செய்தவர்கள் நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு இழப்பு.

அதே 1809 இல்தான் டிஸ்க் கிளீனப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் சேர்ந்தது. எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு ஓகே அழுத்தும் பழக்கம் உள்ளவர்கள் டவுன்லோட்ஸை இழந்தார்கள். பழியை அப்டேட் ஏற்றது.

ஆக, அப்கிரேட் அழிக்கவே அழிக்காது என்று நான் சொல்லவில்லை. அழிந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்கிறேன்.

நவம்பர் 7

கேட்டவர் கவனிக்க, இது அவசரம். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், பழைய விண்டோஸை ஒதுக்கி வைத்திருக்கும் இடம் அது. அப்கிரேட் செய்து 10 நாட்கள் ஆனதும் விண்டோஸ் அதைத் தானாக அழித்துவிடும். உங்களுடையது அக்டோபர் 30. கணக்குப் போட்டால் நாளை மறுநாள்.

நிறுவும்போது எதை வைத்துக்கொள்வது என்று ஒரு கேள்வி வரும்: கோப்புகளும் மென்பொருட்களும், கோப்புகள் மட்டும், எதுவும் வேண்டாம். முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்திருந்தால் உங்கள் யூசர் ஃபோல்டர் புதிய விண்டோஸுக்குத் திரும்ப வந்துவிடும், ஓல்டுக்குள் சில்லறைதான் மிஞ்சும். எதுவும் வேண்டாம் என்று தேர்ந்திருந்தால் மொத்த யூசர்ஸும் ஓல்டுக்குள்தான். உங்களுக்கு மூன்று இயல்கள் வெளியே கிடைத்ததால் முதல் வகை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஓல்டுக்குள் யூசர்ஸைத் திறந்து பார்க்காமல் அதை விட்டுவிடக் கூடாது.

முழு ஃபோல்டரையும் வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட்டால் கடிகாரத்தைப் பற்றிக் கவலை இல்லை. வெளி வட்டு கைக்கு வர நாளாகும் என்றால், அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்ம் என்ற கட்டளையால் இந்த அவகாசத்தை 60 நாட்கள்வரை நீட்டிக்கலாம். காலம் முடியும் முன் செய்தால்தான் பலன். "வட்டில் இடம் குறைவு" என்று விண்டோஸ் வந்து சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் "முந்தைய விண்டோஸ் நிறுவல்" என்று இருப்பது இதே ஃபோல்டர்தான்.

நவம்பர் 9

தொடக்கக் கேள்விக்கு, அதாவது மீட்பு மென்பொருளுக்கு, இப்போது வருகிறேன். பலர் தனியாகவும் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் வட்டு எது என்று பாருங்கள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அழித்த கோப்பின் உள்ளடக்கம், அதன் மேல் வேறு எழுதப்படும்வரை, அங்கேயே இருக்கும். சுழலும் பாகம் இல்லாத, சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. அப்படி இல்லை. கோப்பை அழித்த உடனே "இந்தப் பகுதிகள் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் வட்டுக்குச் சொல்லிவிடும். டிரிம் என்று பெயர், விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. வட்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அந்தப் பகுதிகளைத் தன் வசதிக்குத் துடைத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த மென்பொருள் போட்டாலும் பெரும்பாலும் சுழியங்கள்தான் கிடைக்கும். இப்போது வரும் கணினிகளில் அனேகமாக எஸ்.எஸ்.டி.தான். விண்டோஸ்.ஓல்டைக் காலம் முடியும் முன் காப்பாற்றச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்தியதும் இதனால்தான்.

ஹார்ட் டிஸ்க் என்றால் வழி இருக்கிறது. வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துச் செய்வதே முறை. மைக்ரோசாஃப்டே விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்ற இலவசக் கருவியைக் கொடுக்கிறது, கட்டளை அடித்து இயக்க வேண்டும். மீட்ட கோப்புகளை வேறு டிரைவில்தான் போடுவேன் என்று அது பிடிவாதமாக இருக்கும், அந்தப் பிடிவாதம் நம் நன்மைக்கே. நான் அதிகம் பயன்படுத்தியது ஃபோட்டோரெக், கட்டற்ற மென்பொருள். அது கோப்புப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. வட்டைத் தலை முதல் கால்வரை படித்து, ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்க அடையாளத்தையும் தேடுகிறது. அதனால் பட்டியல் சிதைந்த வட்டிலும் வேலை செய்யும்.

ஆனால் விளைவு எப்படி இருக்கும் என்று தெரிந்தே இறங்க வேண்டும். பெயர்கள் போய்விடும். எண் போட்ட ஃபோல்டர்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கோப்புகள். உங்கள் புகைப்படத்துக்குப் பக்கத்திலேயே என்றைக்கோ பார்த்த இணையப் பக்கத்தின் பொத்தான் படம், அடுத்து அதே புகைப்படத்தின் கட்டைவிரல் அளவு பிரதி, அடுத்து பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக அறுந்து போன ஒன்று. ஒரு தோழியின் வட்டை இப்படி மீட்டபோது, மீட்பு ஓர் இரவில் முடிந்தது, பிரிப்பதற்குத்தான் வாரக்கணக்கில் ஆனது. அளவு வாரியாக வரிசைப்படுத்திச் சிறியவற்றை ஓரம் கட்டினோம், அப்புறம் கேமரா பதிந்த தேதியை வைத்துப் பிரித்தோம். புகைப்படத்துக்கு இது சாத்தியம். ஆய்வேட்டின் பத்துப் பதினைந்து திருத்தப் பிரதிகள் பெயரில்லாமல் வந்தால், எது கடைசி என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

நவம்பர் 9, பின்னிரவு

வட்டைக் கழற்றச் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வட்டு பிட்லாக்கரில் (விண்டோஸின் மறையாக்கப் பூட்டு) பூட்டியிருந்தால் இன்னொரு கணினியில் இணைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். நீங்கள் பூட்டவே இல்லை என்று நினைத்தாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் ஆன பல கணினிகளில் அது தானாகப் பூட்டியிருக்கும். சாவி அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். முதலில் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு திருப்புளியை எடுங்கள்.

நவம்பர் 12

வேறொருவரின் கேள்வி, நம்மவர்களுக்கே உரியது. புதிதாக விண்டோஸ் போட்டதும் பழைய தமிழ்க் கோப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன, கெட்டுப் போய்விட்டனவா என்கிறார்.

கெடவில்லை. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தவை அவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. புதிய நிறுவலில் எழுத்துரு இல்லை. விண்டோஸ்.ஓல்டுக்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ், அங்கே தேடி எடுத்து நிறுவுங்கள். தன் கணக்குக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அந்தக் கணக்கின் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும், அங்கேயும் பாருங்கள். முக்கியமானவற்றை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டு வந்துவிட்டால் அடுத்த கணினியில் இந்தத் தொல்லை இருக்காது.

லதா, விஜயா எழுத்துருக்களைத் தேடுபவர்களுக்கு: விண்டோஸ் 10 முதல் அவை விருப்பக் கூறுகளில் தமிழ்த் துணை எழுத்துருக்களாகத் தனியே இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் வேர்ட் நிர்மலா என்ற எழுத்துருவில் காட்டும். பக்கங்கள் முன்பின் நகரும், எழுத்து ஒன்றும் போகாது.

நவம்பர் 13

டி டிரைவே காணோம் என்பவருக்கு: டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து பாருங்கள். பகுதி அங்கே இருந்து, டி என்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் அந்த எழுத்தைக் கொடுத்தால் போதும். ஃபார்மட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே எழுதுங்கள்.

மேக் வைத்திருப்பவர் ஒருவரும் கேட்டார். 2019 இல் வந்த கேட்டலினாவிலிருந்து கணினிக்குரிய பகுதியும் நமக்குரிய பகுதியும் தனித்தனி. நம் பகுதியில் சேர்க்க முடியாமல் போனவை யூசர்ஸுக்குள் ஷேர்டில் ரீலொகேட்டட் ஐட்டம்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும்.

நவம்பர் 16

புகைப்படங்கள் கிடைத்துவிட்டன: கொஞ்சம் ஒன்டிரைவ் இணையதளத்தில், மிச்சம் பழைய கணக்கின் பிக்சர்ஸில். நான்காவது இயல் விண்டோஸ்.ஓல்டிலும் இல்லை, நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பில் இருந்திருக்கிறது. அனுப்பிய அஞ்சல்களை முதல் நாளே பார்க்கச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வட்டைத் தொடாமல், எந்த ஆபத்தும் இல்லாமல் தேடக்கூடிய இடம் அது.

அதற்குப் பிந்தைய திருத்தங்கள் வேண்டுமென்றால் வேர்ட் தானாகச் சேமித்த பிரதிகளைப் பாருங்கள். பழைய கணக்கின் ஃபோல்டரில் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், வேர்ட். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரின் வியூவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும்.

இனி ஸ்டிக்கி நோட்ஸ் ஒன்றுதான் பாக்கி. அதே ஆப்டேட்டாவில் லோக்கல், பேக்கேஜஸ், அங்கே பெயரில் மைக்ரோசாஃப்ட்ஸ்டிக்கிநோட்ஸ் என்று வரும் ஃபோல்டர், அதற்குள் லோக்கல்ஸ்டேட். பிளம் என்ற பெயரில் ஒரு எஸ்க்யூலைட் (தரவுத்தள) கோப்பு இருக்கும், எல்லாக் குறிப்பும் அந்த ஒன்றில்தான். பக்கத்தில் அதே பெயரோடு டபிள்யூஏஎல், எஸ்ஹெச்எம் என்று முடியும் இரண்டு கோப்புகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுங்கள். கடைசியாக எழுதிய குறிப்புகள் இன்னும் முதன்மைக் கோப்புக்குப் போய்ச் சேராமல் டபிள்யூஏஎல் கோப்பிலேயே இருக்கலாம். புதிய கணக்கில் ஸ்டிக்கி நோட்ஸை ஒரு முறை திறந்து மூடிவிட்டு, மூன்றையும் அங்குள்ள லோக்கல்ஸ்டேட்டில் வையுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு எடுத்து வைத்த பிறகு.